ரிப்பேர் கிட் போதுமா, புதுசு வாங்கணுமா? ஃபோர்டு 8என் கார்புரேட்டர் நாட்குறிப்பு

6 ஏப்ரல் 2024, சனி

வண்டி 1951 ஃபோர்டு 8என் டிராக்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர் மார்வல்-ஷெப்ளர் டி.எஸ்.எக்ஸ்-241. முழுக்க இரும்பு வார்ப்பு, கீழிருந்து மேலே இழுக்கும் ரகம், பம்ப் கிடையாது, டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கும். குறை மூன்று: காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்து வைத்தால்தான் ஓடுகிறது. ஐடிலிங்கில் (வண்டி நின்று இன்ஜின் மெதுவாக ஓடும்போது) வேகம் ஏறி இறங்குகிறது. டேங்கின் அடியிலுள்ள பெட்ரோல் டேப்பை மூட மறந்தால் காற்றுக் குழாயின் அடியில் சொட்டுகிறது.

கார்புரேட்டரில் ஸ்பானர் வைக்கும் முன் ஸ்பார்க்கைப் பார்ப்பதே முறை. இந்த வண்டியில் "கார்புரேட்டர் கோளாறு" என்று வருவதில் நிறைய, உண்மையில் ஸ்பார்க்கை உண்டாக்கும் பாயிண்ட்டும் கண்டன்சரும்தான். ஸ்பார்க் காற்றில் கால் அங்குலம் நீலமாகப் பாய வேண்டும். பாயிண்ட் இடைவெளி, டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்புவது) இன்ஜினின் பக்கவாட்டில் இருந்தால் 0.025 அங்குலம், முன்பக்கம் இருக்கும் பழைய 8என் என்றால் 0.015. இதில் இரண்டும் சரி.

அடுத்து பெட்ரோல் வரத்து. கார்புரேட்டர் அடியிலுள்ள பிளக்கைக் கழற்றி, டேப்பைத் திறந்து, பாட்டிலில் பிடிக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் அரை லிட்டர் வந்தாக வேண்டும். இதில் முதலில் நன்றாக வந்தது, முக்கால் நிமிடத்தில் நூல்போல இளைத்தது. கார்புரேட்டர் கிண்ணத்தில் தேங்கியிருந்தது வடிந்ததும் உண்மை தெரிகிறது, அதனால் பத்து விநாடியில் பிளக்கை மாட்டிவிடக் கூடாது. டேங்க் மூடியைத் தளர்த்தியும் மாற்றமில்லை, ஆகவே மூடியின் காற்றுத் துளை அடைக்கவில்லை. வலை மூன்று இடத்தில் இருக்கிறது: டேங்குக்குள் டேப்பின் மேல்முனையில், கண்ணாடிக் கிண்ணத்தின் மேலே, கார்புரேட்டரில் நுழையும் பித்தளை எல்போவுக்குள். மூன்றாவதைப் பலரும் பார்ப்பதே இல்லை. இங்கே அடைத்திருந்ததும் அதுதான், மாவுபோல துரு. கழுவிய பின் 1 நிமிடம் 20 விநாடியில் அரை லிட்டர்.

ஆனாலும் சோக் பாதியில்தான் நிற்கிறது. கழற்ற வேண்டியதுதான்.

7 ஏப்ரல், ஞாயிறு

பிரிக்கும் முன் மெயின், ஐடில் என்ற இரண்டு அட்ஜஸ்ட் திருகுகளும் எத்தனை சுற்றில் இருந்தன என்று எண்ணிக் குறித்தாயிற்று. மெயின் மூன்றேகால் சுற்று வெளியே. வழக்கமாக ஒன்றரை போதும். லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடியதால் யாரோ திறந்துகொண்டே போயிருக்கிறார்கள்.

மேல் பாதியைத் தூக்கிக் கவிழ்த்து, பெட்ரோல் நுழையும் துளையில் வாயால் ஊதினால் ஃப்ளோட்டின் (கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) எடையிலேயே காற்று நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஃப்ளோட் ஏறியதும் பெட்ரோலை அடைக்கும் நீடிலின் கூம்பில் நகம் சிக்கும் அளவுக்கு ஒரு வளையம் தேய்ந்திருக்கிறது. சொட்டுக்குக் காரணம் இதுவே. ஃப்ளோட்டைச் சுடுநீரில் முக்கிப் பார்த்ததில் குமிழ் வரவில்லை. ஓட்டை இருந்தாலும் ஈயம் வைத்து அடைப்பதைவிட மாற்றுவதே மேல்: ஈயம் கூடினால் எடை கூடும், மட்டம் ஏறும். உள்ளே பெட்ரோல் இருக்கும் ஃப்ளோட்டில் சூடு வைப்பது ஆபத்தும்கூட.

மெயின் திருகின் முனையிலும் பள்ளம், இறுக்கி மூடியதன் அடையாளம். இவை எல்லாமே ரிப்பேர் கிட்டில் (மாற்றுப் பாகங்களின் தொகுப்பு) வரும்.

கிட்டில் தீராதது த்ராட்டில் ஷாஃப்ட்டின் (த்ராட்டில் தகட்டைத் திருப்பும் தண்டு) ஆட்டம். டயல் கேஜ் வைத்துப் பார்த்ததில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கம்பி இழுக்கும் பக்கம் 0.014 அங்குலம். ஐடிலிங்கில் இந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகிறது. ஏறி இறங்குவது அதனால்தான். பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டை எத்தனை முறை கழுவினாலும் போகாது.

10 ஏப்ரல், புதன்

இப்போது கணக்கு. அழுக்கைப் பார்த்துப் புதுசு வாங்க நினைப்பது தவறு, அழுக்கு கழுவினால் போகும். பார்க்க வேண்டியவை: கிண்ணத்தில் விரிசல் உண்டா (தண்ணீர் தேங்கி உறைந்தால் வார்ப்பு வெடிக்கும்), மரை போயிருக்கிறதா, ஷாஃப்ட் துளை புஷ் (உள்வளையம்) போட இடமில்லாத அளவுக்குப் போய்விட்டதா. மூன்றில் ஒன்று இருந்தாலும் பழைய உடலைக் கட்டி அழ வேண்டாம்.

புதுசு என்று விற்கும் நகல்களில் துளைகள் அசலைப்போல் அமைவது அதிர்ஷ்டம். வார்ப்பு மணல் உள்ளேயே இருக்கலாம், ஃப்ளோட் மட்டம் பெட்டியில் வரும்போதே தப்பாக இருக்கலாம். புதுசையும் ஒருமுறை பிரித்துக் கழுவி, மட்டம் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். அந்த வேலையைச் செய்தே ஆக வேண்டுமென்றால், விரிசலில்லாத அசல் உடலுக்கே செய்யலாம்.

இந்த உடலில் விரிசல் இல்லை. முடிவு: கிட், புது ஷாஃப்ட், இரண்டு பித்தளை புஷ்.

13 ஏப்ரல், சனி

ஷாஃப்ட்டைக் கழற்றும்போது கவனம். ஷாஃப்ட்டோடு திரும்பும் பட்டாம்பூச்சித் தகட்டின் (த்ராட்டில் தகடு) இரண்டு சிறு திருகுகளும் பின்னால் அடித்துப் பிதுக்கப்பட்டிருக்கும். அந்தப் பிதுக்கத்தை அரம் வைத்து ராவாமல் திருகினால் தலை முறியும். தகடு எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கோடு போட்டு வைக்கவும், ஓரம் சாய்வாகச் சீவப்பட்டது, திருப்பிப் போட்டால் மூடாது.

லேத் பட்டறைக்கு ஒரே நிபந்தனை: இரு பக்கத் துளைகளையும் ஒரே பிடிப்பில், ஒரே நேர்கோட்டில் ரீம் செய்ய (துளையை அளவாகச் சீவ) வேண்டும். தனித்தனியே செய்தால் ஷாஃப்ட் பிடிக்கும்.

உடலைக் கிளீனரில் இரவு முழுக்க ஊறவைத்து, கம்ப்ரசர் காற்று. தகட்டருகே சுவரிலுள்ள சின்ன ஐடில் துளைகளில் காற்று வருவதை விரலால் உறுதி செய்யவும். அடைப்பெடுக்க மின்வயரின் ஒற்றைச் செம்பு இழை போதும். டிரில் பிட், இரும்புக் கம்பி எதையும் ஜெட்டுக்குள் விடக் கூடாது.

14 ஏப்ரல், ஞாயிறு

சித்திரை முதல் நாள், ஆனாலும் வேலை பாதியில் கிடக்கக் கூடாது.

தகட்டை மாட்டும்போது திருகைத் தளர்வாக விட்டு, த்ராட்டிலை மூடி, தகடு தானே உட்கார்ந்த பின் இறுக்கம். பின்னால் மறுபடி பிதுக்கம். அந்தத் திருகு கழன்றால் நேராக இன்ஜினுக்குள் போகும்.

ஃப்ளோட் மட்டம்: மேல் பாதி கவிழ்ந்த நிலையில், புது கேஸ்கெட்டை வைத்தபடி, கேஸ்கெட்டிலிருந்து ஃப்ளோட் வரை கால் அங்குலம், இரு பக்கமும் ஒன்றாக. நீடில் உட்காரும் சீட்டின் அடி வாஷர் தடிமன் மாறினாலும் இந்த அளவு மாறும். வளைக்க வேண்டியது ஃப்ளோட்டின் சின்ன நாக்கை மட்டும், நீடிலின் மேல் வைத்து அழுத்தி வளைத்தால் புது நீடிலிலும் வளையம் விழும்.

ஐடில் ஒரு சுற்று, மெயின் ஒன்றரைச் சுற்று வெளியே. இன்ஜின் நன்றாகச் சூடான பின் மெயின்: த்ராட்டிலைச் சட்டென்று திறக்கும்போது திக்கினால் அரைக்கால் சுற்று திற, கரும்புகை வந்தால் மூடு. ஐடில் திருகு தலைகீழ். அது பெட்ரோலை அல்ல, காற்றை அளப்பது. உள்ளே திருகினால் ரிச் (பெட்ரோல் கூடுதல்), வெளியே விட்டால் லீன். இதை மறந்து அரை நாள் சுற்றுபவர்கள் உண்டு.

சோக் முழுவதும் உள்ளே. ஐடிலிங் நிமிடத்துக்கு 400 சுற்றில் நிற்கிறது.

20 ஏப்ரல், சனி

ஐந்து மணி நேரம் புல்வெட்டியோடு ஓடிய பிறகு ஸ்பார்க் பிளக்குகள் நான்கும் இளம் பழுப்பு, கலவை சரி என்பதன் அடையாளம். மெயின் ஒன்றேகாலில் நின்றது. டேப்பை வேண்டுமென்றே திறந்து வைத்து ஒரு இரவு விட்டதில், அடியில் விரித்த அட்டை காய்ந்தே இருந்தது. எல்போ வலையில் மட்டும் மறுபடி கொஞ்சம் துரு. அடுத்து இறக்க வேண்டியது டேங்க்.