புரதம் ஒழுகுற நேரத்துல எடுத்த ஒரு பிளட் டெஸ்ட், அதால எங்க வீடு பட்ட பாடு

காலைல எழுந்தா கண்ணு ரெண்டும் பொங்கியிருக்கும், சாயங்காலம் சாக்ஸ் கழட்டுனா அந்த இடத்துல பள்ளம், மூத்திரம் சோப்புத் தண்ணி மாதிரி நுரைநுரையா. இதையெல்லாம் தூக்கம் பத்தல, உப்பு ஜாஸ்தின்னு சொல்லியே ரெண்டு மாசம் ஓட்டிட்டேன். டெஸ்ட் எடுத்தா 24 மணி நேர யூரின்ல 9 கிராம் புரதம், ரத்தத்துல அல்புமின்ற புரதம் 1.8 (3.5க்கு மேல இருக்கணும்). பயாப்சில மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதின்னு வந்துச்சு, கிட்னி சல்லடை கெட்டு புரதம் ஒழுகுற வியாதி.

அதுக்கப்புறம் மூணாவது வாரம் இடது கெண்டைக்கால்ல மட்டும் குரக்களி பிடிச்ச மாதிரி வலி, விடவே இல்ல. ஏற்கனவே ரெண்டு காலும் வீங்கித்தான் இருக்கு, அதனால யாரும் கண்டுக்கல, நானும்தான். என் வீட்டம்மா டெய்லரிங் பண்றவ, இஞ்ச் டேப்பை எடுத்து சுத்திப் பாத்தா வலது 14, இடது 16. "நீர் கோத்தா ரெண்டு காலும் ஒண்ணு போலத்தானே வீங்கணும்"னு அவ கேட்ட கேள்விலதான் ஆஸ்பத்திரிக்கே போனோம்.

டாப்ளர் ஸ்கேன் ரூம்ல ஜெல் தடவி அந்தக் கருவியை வெச்சு அழுத்துவாங்க, ரத்தக்குழாய் நல்லா இருந்தா ஸ்கிரீன்ல தெரியுற கறுப்பு வட்டம் அழுத்துனதும் சப்பையாயிடும், கைய எடுத்தா திரும்ப வரும். தொடைப்பக்கம் எனக்கு சப்பையாச்சு. முட்டிக்குப் பின்னாடி வந்ததும் எவ்ளோ அழுத்தியும் வட்டம் வட்டமாவே நின்னுச்சு. அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லல, இன்னொரு தடவ அழுத்திப் பாத்துட்டு டாக்டரைக் கூப்பிடப் போயிடுச்சு.

முட்டிக்குப் பின்னாடி ரத்தக்கட்டி. அன்னைக்கே அட்மிட், வயித்துல ஹெப்பாரின் வகை ஊசி ரெண்டு வேளை, கூடவே அசிட்ரோம் மாத்திரை, ரெண்டுமே ரத்தம் உறையாம இருக்க. ஆறாவது நாள் "சின்ன வயசு, எதுக்கும் பாத்துடுவோம்"னு ஏழெட்டு டியூப் ரத்தம் எடுத்தாங்க. ரத்தத்தை சுலபமா உறைய வைக்கிற ஃபேக்டர் ஃபைவ் லெய்டன்ற ஜீன் மாற்றம் இல்லன்னு வந்துச்சு, ஆனா ரத்தம் கண்டபடி உறையாம தடுக்கிற ரெண்டு புரதம் கம்மி, ஆன்டித்ராம்பின் 48 சதவீதம், புரோட்டீன் எஸ் 38. டிஸ்சார்ஜ் சம்மரில "பரம்பரை ரத்த உறைவுக் கோளாறு"ன்னே எழுதிட்டாங்க, கூடப்பிறந்தவங்களையும் செக் பண்ணச் சொல்லிட்டாங்க. நைட்டு 2 மணிக்கு போன்ல தேடித் தேடி, ஆன்டித்ராம்பின் குறைபாட்டை 1965ல நார்வேல ஒரு குடும்பத்துலதான் முதல்ல கண்டுபிடிச்சாங்கன்ற வரைக்கும் படிச்சேன். அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி சான்ஸ்னு போட்டிருந்துச்சு, அதோட போனை மூடிட்டேன்.

ஏன்னா தங்கச்சி அப்போ அஞ்சு மாசம். அவளுக்கு எடுத்ததுல ஆன்டித்ராம்பின் சரியா இருந்துச்சு, ஆனா புரோட்டீன் எஸ் கம்மி. அவ்ளோதான், குடும்ப வியாதின்னு முடிவாயிடுச்சு, பிரசவம் வரைக்கும் தினம் நைட்டு வயித்துல ஊசி, அவளே போட்டுக்குவா, வயிறெல்லாம் நீலம் நீலமா. அவ மாமியார் "பொண்ணு குடுக்கும்போது இதைச் சொல்லலியே"ன்னு அம்மாகிட்ட கேட்டாங்க. அம்மா அன்னைக்கு சாப்பிடல.

நான் வேற ஒரு கிட்னி டாக்டர்கிட்ட மாறுனது இதுக்காக இல்ல, வீட்டுக்குப் பக்கம்னுதான். ஃபைலைப் புரட்டினவர் அந்த ரிப்போர்ட்ல நின்னு, "இதை எப்ப எடுத்தாங்க?"ன்னு தேதியத்தான் கேட்டார். கிட்னி சல்லடைல ஓட்டை பெருசானா அல்புமின் மட்டும் போகாதாம், கிட்டத்தட்ட அதே சைஸ்ல இருக்கற ஆன்டித்ராம்பினும் சேர்ந்து ஒழுகிடும், ரத்தம் கண்டபடி உறையாம காவல் காக்கறதே அதுதான். அல்புமின் போகுதேன்னு லிவர் பல புரதத்தையும் கூடுதலா செஞ்சு தள்ளும், அதுல உறைய வைக்கிற ஃபைப்ரினோஜென் பெரிய சைஸ், வெளிய போகாது. "ரவை சலிக்கிறீங்க, ரவை கீழ போயிடுச்சு, கட்டி மேல நிக்குது, அவ்ளோதான் உங்க கேஸ்"னார். அதுபோக புதுசா கட்டின ரத்தக்கட்டியே ஆன்டித்ராம்பினை தின்னுடும், ஹெப்பாரினும் அதைக் குறைக்கும், அசிட்ரோம் புரோட்டீன் எஸ்ஸைக் குறைக்கும். ஆக எடுக்கக்கூடாத நேரத்துக்கு நாலு காரணம், நாலும் ஒரே நாள்ல எனக்கு. லெய்டன் மட்டும் ஜீன் டெஸ்ட், எப்ப எடுத்தாலும் மாறாது, அதை நம்பலாம்னார். தங்கச்சி விஷயத்தைச் சொன்னதும் சிரிச்சுட்டார், கர்ப்பத்துல புரோட்டீன் எஸ் தானாவே இறங்குமாம். எனக்கு சிரிப்பு வரல.

அதுக்கப்புறம் காத்திருப்புதான். கிட்னி வியாதிக்கு ரிட்டுக்சிமாப் மருந்து ரெண்டு டோஸ், 15 நாள் இடைவெளில. அசிட்ரோம் எவ்ளோ வேலை செய்யுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் 2க்கும் 3க்கும் நடுவுல இருக்கணும், மாசாமாசம் லேப். மாத்திரையோட வேலையைக் குறைக்கும், கீரையே கூடாதுன்னு முன்னாடி பயமுறுத்தியிருந்தாங்க, இவர் "நிறுத்த வேணாம், இன்னைக்கு ஒரு கட்டு நாளைக்கு ஒண்ணுமில்லன்னு சாப்பிடாதீங்க, ஒரே அளவா இருக்கட்டும்"னார். பத்து மாசத்துல அல்புமின் 3.6 ஆச்சு, அசிட்ரோமை நிறுத்தி ஒரு மாசம் விட்டு திரும்ப ரத்தம் எடுத்தோம், ஆன்டித்ராம்பின் 97, புரோட்டீன் எஸ் 85. தங்கச்சிக்கு குழந்தை பொறந்து மூணு மாசம் கழிச்சு எடுத்ததும் நார்மல்.

ஃபைல் முதல் பக்கத்துல டாக்டர் கைப்பட எழுதிக் குடுத்திருக்கார்: பரம்பரைக் கோளாறு இல்ல, ஆனா அல்புமின் திரும்ப 2.5க்குக் கீழ போனா ரத்தம் உறையாம இருக்க மருந்து பத்தி உடனே யோசிக்கணும்னு. அதை ஜெராக்ஸ் எடுத்து தங்கச்சி வீட்டுக்கும் ஒண்ணு குடுத்தோம். அவ மாமியார் கண்ணாடி போட்டு முழுசாப் படிச்சுட்டு, "குழந்தைக்கும் ஒரு தடவ பாத்துடலாமே"ன்னாங்க.