கதவுக்கு வெளியே உக்காந்திருக்கிற அம்மா

அவங்க பொண்ணு உள்ள ரூம்ல தெரபிஸ்ட்கூட இருந்தா, நாங்க ரெண்டு பேரும் வெளியே பெஞ்சுல. ரொம்ப நேரம் எதுவும் பேசல. அப்புறம் திடீர்னு என் கையைப் புடிச்சுக்கிட்டு "அக்கா, அவகிட்ட பேச உள்ள ஆள் இருக்கு, எனக்கு யாருக்கா இருக்கா"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. பக்கத்துலயே உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்.

சில வருஷமா, பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகளோட குடும்பங்களுக்குத் துணையா போயிட்டு இருக்கேன், ஆஸ்பத்திரிக்கு, போலீஸ் விசாரணைக்கு, கோர்ட்டுக்கு, கவுன்சிலிங்குக்குன்னு. யாருன்னு தெரிஞ்சிடக் கூடாதுன்னு இங்க எழுதுறதுல நிறைய விவரத்தை மாத்தியிருக்கேன். ஆனா அந்தக் கேள்வியை மட்டும் மாத்தல, அவங்க கேட்டது அப்படியே அதுதான்.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்க. வாரத்துக்கு 168 மணி நேரம், அதுல தெரபி ஒரு மணி நேரம். மீதி 167 மணி நேரமும் அந்தக் குழந்தை தெரபி ரூமுக்கு வெளியேதான், பெரும்பாலும் வீட்டுலதான் இருக்கு, ராத்திரி அலறிட்டு எழுந்திரிக்கிறப்போ, ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு கதவைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறப்போ, காரணமே இல்லாம தம்பியைப் போட்டு அடிக்கிறப்போ, எல்லாத்துக்கும் அம்மாவோ அப்பாவோ பாட்டியோதான் கூட இருக்காங்க. அந்த ஆளே உடைஞ்சு போயிருந்தா அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு தூரம்தான் தாங்கும்?

இது என் சொந்த ஃபீலிங் மட்டும் இல்ல. ட்ரௌமாவுக்கான, அதாவது இப்படி நடந்ததால வர்ற மனக்காயத்துக்கான சிகிச்சைகள்ல நல்லா ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்ச ஒண்ணு டிஎஃப்-சிபிடிங்கற பேச்சு சிகிச்சை, ஜூடித் கோஹன், ஆந்தனி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர்னு மூணு பேர் உருவாக்கினது. பொதுவா 12ல இருந்து 16 செஷன் வரைக்கும் போகும். அதுல பெத்தவங்களுக்குன்னே ஒரு பாதி இருக்கு, குழந்தைக்கு என்ன சொல்லித் தர்றாங்களோ அதையே பெத்தவங்களுக்கும் தனியா சொல்லித் தருவாங்க, மூச்சை அமைதிப்படுத்துறது, பயம் வந்தா என்ன பண்றது, கோபப்படாம எப்படிக் கேக்குறதுன்னு. குழந்தை நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமா எழுதியோ வரைஞ்சோ சொல்லி முடிச்சப்புறம், அதை அம்மாகிட்ட பகிர்ந்துக்குற ஒரு செஷன் வரும், அதுக்கு முன்னாடியே அம்மாவைத் தயார் பண்ணிடுவாங்க, கேக்குறப்போ அவங்க இடிஞ்சு போயிடக் கூடாதுல்ல. குழந்தை அந்த நேரத்துல அம்மா முகத்தைத்தான் பார்க்கும்.

ஆனா நடைமுறையில பல இடத்துல "நீங்க வெளியே வெயிட் பண்ணுங்க"ன்னு சொல்லிடறாங்க. எனக்கு இதுதான் தாங்கவே முடியாத விஷயம்.

பெத்தவங்க என்ன பாடு படறாங்கன்னு வெளியில இருக்கறவங்களுக்குத் தெரியறதே இல்ல. முக்கால்வாசி நேரம் செஞ்சவன் யாரோ முன்பின் தெரியாத ஆள் கிடையாது, குழந்தைக்குத் தெரிஞ்ச ஆளு, சில சமயம் சொந்தக்காரன், சில சமயம் வீட்டுக்கே சம்பாதிச்சுப் போடற ஆளு. அப்போ ஒரே நாள்ல புருஷன் போறான், வருமானம் போகுது, வீட்டு வாடகை கேள்விக்குறியாகுது, சொந்தக்காரங்க ரெண்டு கட்சியா பிரியறாங்க, "குடும்ப மானத்தைக் கெடுத்துட்டியே"ன்னு போன் மேல போன், இதுக்கெல்லாம் நடுவுல "எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு"ன்னு தன்னையே தின்னுக்கிட்டு இருப்பாங்க. அந்த நேரத்துல அவங்களுக்கு வேண்டியது உபதேசம் கிடையாது. தங்கறதுக்கு பத்திரமான இடம், கோர்ட்டுல அடுத்து என்ன நடக்கும்னு புரியற பாஷையில சொல்ல ஒரு ஆளு, அலைய பஸ் காசு, மத்த பிள்ளைங்களைப் பார்த்துக்க யாராவது. இதெல்லாமும் சிகிச்சைதான், சந்தேகமே வேண்டாம்.

ஒரு குழந்தை, வயசு சொல்ல வேண்டாம், நடந்ததை ஆறு பேர்கிட்ட சொல்ல வேண்டியதாப் போச்சு. முதல்ல டீச்சர், அப்புறம் போலீஸ், டாக்டர், கவுன்சிலர், வக்கீல், மறுபடியும் இன்னொரு போலீஸ். ஆறாவது தடவை அவ பேசல, தரையைப் பார்த்துட்டே இருந்தா. "முன்னாடி சொன்னியே, இப்போ ஏன் சொல்ல மாட்டேங்குற"ன்னு அங்க ஒருத்தர் கேட்டாரு. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

இது இப்படித்தான் இருக்கணும்னு எந்த விதியும் இல்ல. 1985லயே அமெரிக்காவுல அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில்ல பட் க்ராமர்ங்கற அரசு வக்கீல், குழந்தை ஒவ்வொரு ஆபீசா அலையறதுக்குப் பதிலா எல்லாரும் குழந்தை இருக்கிற இடத்துக்கு வரட்டும்னு ஒரு மையம் ஆரம்பிச்சாரு. 1998ல ஐஸ்லாந்துல பார்னாஹுஸ் வந்துச்சு, குழந்தைகள் வீடுன்னு அர்த்தம், பார்க்கவும் ஆபீஸ் மாதிரி இல்லாம வீடு மாதிரிதான் இருக்கும். பயிற்சி எடுத்த ஒரே ஒருத்தர் குழந்தைகிட்ட பேசுவாரு, மத்த அதிகாரிங்க எல்லாம் பக்கத்து ரூம்ல டிவில பார்ப்பாங்க, அதை ரெக்கார்டு பண்ணி கோர்ட்டுல சாட்சியமா வெச்சுக்குவாங்க. டாக்டர் பரிசோதனையும் தெரபியும் அதே கட்டிடத்துல. ஸ்வீடன், நார்வேன்னு மத்த நாடுகளும் அப்புறம் அதை எடுத்துக்கிட்டாங்க.

டாக்டர் பரிசோதனை பத்தியும் ஒண்ணு சொல்லணும். பாலியல் கொடுமை நடந்த குழந்தைகள்ல பெரும்பாலானவங்களுக்கு உடம்புல எந்தக் காயமும் தெரியாது. ரிப்போர்ட் நார்மல்னு வந்தா ஒண்ணும் நடக்கலன்னு அர்த்தமே இல்ல. இது தெரியாம வீட்டுல சண்டை வந்து, குழந்தை பொய் சொல்லிடுச்சுன்னு முடிவு பண்ணின குடும்பத்தை நான் பார்த்திருக்கேன். நல்ல டாக்டர் அந்தப் பரிசோதனையிலயே குழந்தைக்கு ஒரு வார்த்தை சொல்லுவாரு, "உன் உடம்பு நல்லா இருக்கும்மா, எதுவும் கெட்டுப் போகல"ன்னு. அதைக் கேட்டு ஒரு குழந்தையோட தோள் அப்படியே இறங்கினதைப் பார்த்தேன்.

சொன்னதை வாபஸ் வாங்கறதும் இப்படித்தான். 1983லயே ரோலண்ட் சமிட்னு ஒரு மனநல மருத்துவர் எழுதியிருக்காரு, ரகசியமா வெச்சுக்கறது, லேட்டா சொல்றது, வீடே கலையறதைப் பார்த்துட்டு "நடக்கல"ன்னு மாத்திச் சொல்றது, இதெல்லாம் இந்தக் குழந்தைகள்கிட்ட சகஜம்னு. அதை வெச்சு நடந்துச்சா இல்லையான்னு தீர்ப்பு சொல்ல முடியாது, ஆனா மாத்திச் சொன்ன உடனே ஃபைலை மூடிடறது பெரிய தப்பு. அம்மா அழறதைப் பார்த்துதான் பாதிக் குழந்தைங்க மாத்திச் சொல்லுதுன்னு எனக்குத் தோணும். அம்மாவைத் தாங்கிப் புடிச்சா குழந்தையோட வாக்குமூலத்தையும் தாங்கிப் புடிச்ச மாதிரி.

உங்ககிட்ட ஒரு குழந்தை வந்து சொன்னா, துருவித் துருவிக் கேக்காதீங்க. "சொன்னது நல்லதுடா கண்ணு, இது உன் தப்பு இல்ல"ன்னு சொல்லுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு மட்டும் சத்தியம் பண்ணிடாதீங்க, ஏன்னா நீங்க சொல்லியே ஆகணும். குழந்தை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வெச்சுக்கிட்டு குழந்தைகள் ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணுங்க. அடிக்கிறது, பட்டினி போடறது, கவனிக்காம விடறது எல்லாத்துக்கும் இதேதான்.

அந்த அம்மாவுக்கு இப்போ தனியா ஒரு கவுன்சிலர் கிடைச்சிருக்காங்க. அதுக்கு நாலு இடத்துல கேக்க வேண்டியிருந்துச்சு. போன தடவை பெஞ்சுல உக்காந்து பொண்ணுக்காக காத்திட்டு இருந்தப்போ, அவங்க தோள்ல சாஞ்சு சின்னப் பையன் தூங்கிட்டு இருந்தான். அக்காவுக்கு என்ன நடந்துச்சுன்னு அவன்கிட்ட யாரும் எதுவும் சொல்லல, ஆனா அவ ஏன் அழறான்னு தினமும் கேக்கறானாம். அவனுக்கு யார்கிட்ட கேக்கறதுன்னு இப்போ தேடிட்டு இருக்கோம்.