பொக்கே அனுப்பும் முன் அந்த வீட்டில் ஜாடி இருக்கிறதா என்று கேளுங்கள்

எங்கள் அலுவலகத்தில் யாருக்குப் பிறந்தநாள், யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, யார் வேலையை விட்டுப் போகிறார் என்று எதுவானாலும் பூ வாங்குகிற வேலை என் தலையில்தான் விழும். ஆளுக்கு நூறு இருநூறு என்று ஜிபே-யில் தள்ளிவிட்டு, "நீங்களே பாத்து நல்லதா சொல்லிடுங்க" என்று போய்விடுவார்கள். வீட்டிலும் இதே கதைதான், வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கும் சித்தி பிள்ளைகளுக்கும் ஊரில் யாருக்காவது பூ அனுப்ப வேண்டுமென்றால் முதல் போன் எனக்குத்தான் வரும். இப்படி வாங்கி வாங்கியே இந்த விஷயத்தில் எனக்குச் சில பிடிவாதங்கள் வந்துவிட்டன. அதில் முதலாவது இது: பூ அனுப்புகிறவர்கள் கடையைப் பற்றி யோசிக்கிற அளவுக்கு, அது போய்ச் சேரும் வீட்டைப் பற்றி யோசிப்பதில்லை.

நம் வீடுகளில் பூவுக்கென்று இருக்கும் இடம் சாமி படம், இறந்தவர் படம், அப்புறம் பெண்கள் தலை. மேசை மேல் ஜாடியில் தண்ணீர் ஊற்றிப் பூவை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் முக்கால்வாசி வீடுகளில் கிடையாது. அதனால் ஆயிரம் ரூபாய் பொக்கே வந்து இறங்கியதும் என்ன நடக்கும்? எல்லோரும் கையில் பிடித்துப் போட்டோ எடுப்பார்கள், ஸ்டேட்டஸ் போடுவார்கள், சுற்றிய தாளைக்கூடப் பிரிக்காமல் டிவி ஸ்டாண்டில் சாய்த்து வைப்பார்கள். மறுநாள் தலை தொங்கும், அதற்கடுத்த நாள் குப்பை வண்டி. கல்யாண ரிசப்ஷன் இதைவிட மோசம், மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் வாங்கின வேகத்தில் பின்னால் நிற்கும் தம்பியிடம் தள்ளிவிட, அது சோபாவுக்குப் பின்னால் குவிந்து, விடியற்காலை மண்டபம் காலி செய்யும்போது அங்கேயே கிடக்கும். நான் ரிசப்ஷனுக்குப் பொக்கே வாங்குவதையே நிறுத்திவிட்டேன், மொய் கவர் போதும்.

அரசியல் மேடைகளிலும் இதே நிலைதான். 2017-இல் பிரதமருக்கு உள்நாட்டுப் பயணங்களில் பொக்கே கொடுக்க வேண்டாம், அதிகபட்சம் ஒற்றைப் பூவும் கூடவே ஒரு கதர் கைக்குட்டையோ புத்தகமோ போதும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதமே அனுப்பியது. அரசியலை விடுங்கள், வாங்கிய கை அடுத்த நொடியே பின்னால் கொடுத்துவிடும் பூவுக்கு எதற்கு அத்தனை செலவு என்ற அளவில் எனக்கு அதில் உடன்பாடுதான்.

ஆச்சியின் எண்பதாவது பிறந்தநாளுக்குத் துபாயிலிருந்து தம்பி ஒரு பெரிய பெட்டி நிறைய ரோஜா அனுப்பினான். தென்காசிப் பக்கம் கிராமம், டவுனிலிருந்து ஒரு பையன் பைக்கில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். நாங்கள் எல்லோரும் ஆ ஊ என்றோம். ஆச்சி கேட்ட முதல் கேள்வி, "ஏட்டி, இத யாரும் மோந்து பாத்தியளா?" மோந்த பூ சாமிக்கு ஆகாது அல்லவா. இல்லை ஆச்சி என்றதும் ஒவ்வொரு ரோஜாவாகப் பிடுங்கி, காம்பை ஒடித்து, முருகனுக்கு ஒன்று, தாத்தா படத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே போனார். மிச்சம் இருந்ததைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தலையில் செருகி அனுப்பினார். கடைசியில் பெட்டியில் மிஞ்சியது ஓட்டை ஓட்டையாகப் பச்சை நிறக் கட்டி ஒன்று, அதை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது என்னட்டி, சோப்பா?"

பூ வீணாகவில்லை, அதனதன் இடத்துக்குப் போய்விட்டது. ஆனால் அந்த வேலைக்கு அத்தனை உயரக் காம்பு ரோஜா தேவையே இல்லை. இப்போதெல்லாம் ஆச்சிக்கு என்றால் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் போய்வரும் தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி மல்லியும் பிச்சியும் கொடுத்துவிடச் சொல்கிறேன். அதை ஆச்சியே உட்கார்ந்து கட்டி, தெருவுக்கே பங்கு வைத்து, போன வருஷத்து மல்லி இதைவிட வாசம் என்று குறையும் சொல்லுவார். பணம் அனுப்புகிற தம்பிக்கு ஒரே வருத்தம், போட்டோவில் பெரிதாகத் தெரியவில்லையாம். மார்கழி, தை மாதங்களில் மட்டும் இது கையைக் கடிக்கும். பனியில் மல்லி வரத்து குறைந்து கிலோ ஆயிரங்களில் போகும், அந்த நேரம் சம்பங்கி மாலைக்கு மாறிவிடுவது.

ஜாடி வைக்கிற வீடு, அல்லது வைத்துப் பார்க்க ஆசைப்படுகிற ஆள் என்றால் அது வேறு கணக்கு. அதற்கு நல்ல கடை ஒன்றைப் பிடித்துவைத்துக்கொள்வது முக்கியம், படம் போட்ட கேட்டலாக் முக்கியமில்லை. எங்கள் தெரு முனைக் கடை அண்ணனிடம் நான் எந்தப் பூ வேண்டும் என்று சொல்வதே இல்லை, இன்றைக்குக் காலையில் என்ன வந்தது என்றுதான் கேட்பேன். "அக்கா, ஜெர்பரா வேணாம், அது முந்தாநேத்து சரக்கு. ரோஸ் காலைலதான் பிரிச்சேன்" என்பார். இப்படி உண்மை சொல்கிற கடைக்காரர் கிடைத்தால் விடாதீர்கள்.

சென்னையில் விற்கிற இந்த நீளக் காம்பு ரோஜாவில் பெரும்பகுதி ஓசூர், பெங்களூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் வளர்ந்தது. கட்டுக்கு இருபது பூ, தலைகளைச் சுற்றி மடிப்பு மடிப்பாக அட்டை, காம்பின் நீளத்தை வைத்து விலை. சிவப்பு என்றால் தாஜ்மஹால், வெள்ளை என்றால் அவலாஞ்ச், மஞ்சள் என்றால் கோல்ட் ஸ்ட்ரைக் என்று ரகத்துக்கு ரகம் பெயர் உண்டு. கடையில் பூவின் அடிப்பகுதியை, அதாவது இதழ்கள் காம்போடு சேரும் இடத்தை, இரண்டு விரலால் லேசாக அமுக்கிப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் புதுசு, பொதபொதவென்றால் நாளைக்கே உதிரும். வெளி இதழ் ஒன்றிரண்டு பச்சை கலந்து சுருங்கி இருந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கும் பூவைக் காப்பதற்கென்றே இருக்கும் இதழ் அது, கிள்ளிப்போட்டால் சரி. வாசனை வரவில்லையே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இந்த ரகங்களையெல்லாம் நீண்ட பயணத்தைத் தாங்கவும் ஜாடியில் பல நாள் நிற்கவும் பார்த்துப் பார்த்து உருவாக்கியதில் வாசனை போய்விட்டது. வாசனை வேண்டுமென்றால் பன்னீர் ரோஜாதான், அது சாயங்காலத்துக்குள் இதழ் கொட்டிவிடும். நீல ரோஜா வேண்டும் என்று எங்கள் அலுவலகப் பையன் ஒருவன் அடம்பிடித்தான். ரோஜாவில் நீலம் தரும் நிறமியே கிடையாது, கடையில் இருப்பதெல்லாம் சாயம் ஏற்றியது, ஜிகினா தூவியதை நான் பூ என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

ஜெர்பரா பார்க்க அழகு, விலையும் குறைவு. ஆனால் காம்பு உள்ளே கூடு, தண்ணீர் கொஞ்சம் குறைந்தால் கழுத்து மடங்கிவிடும். அதனால்தான் கடைக்காரர்கள் கம்பியோ ஸ்ட்ராவோ கொடுத்து நிறுத்துகிறார்கள். வெயில் காலத்தில் தூரமாக அனுப்ப நான் நம்புவது கார்னேஷனை, கோத்தகிரி, குன்னூர்ப் பக்கமிருந்து வருவது. தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். ஒரே ஒரு எதிரி அதற்கு, பழம். வாழைப்பழமும் மாம்பழமும் பழுக்கும்போது வெளிவிடும் எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் இதழ் உள்பக்கமாகச் சுருண்டு தூங்கிவிடும். நாமோ பழத்தட்டையும் பொக்கேயையும் ஒரே கூடையில் வைத்து, கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு மணி நேரம் டிராபிக்கில் போகிற ஆட்கள். ஆந்தூரியம், ஆர்க்கிட் இரண்டும் நின்று விளையாடும், ஆனால் ரொம்ப அக்கறையாக வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் அவை குளிரில் கறுத்துப்போகும்.

பிப்ரவரி 14-க்கு நான் யாருக்கும் பூ அனுப்புவதில்லை, கேட்கிறவர்களையும் தடுத்துவிடுவேன். ஓசூர்ப் பக்கம் அந்தத் தேதிக்கென்றே டிசம்பரில் செடியைக் கவாத்து செய்து, ஜனவரிக் கடைசியிலிருந்து பூ வரும்படி பார்த்துக்கொள்வார்கள். அதில் நல்ல நீளக் காம்பெல்லாம் ஏற்றுமதிக்குப் போகும். உள்ளூரில் மிஞ்சுவதற்கு நாம் இரண்டு மடங்கு மூன்று மடங்கு கொடுக்க வேண்டும், அதிலும் குளிர்அறையில் சில நாள் படுத்துக் கிடந்தது எது என்று யாருக்குத் தெரியும். பெரிய முகூர்த்த நாட்களிலும் இதே கூத்துதான். அதே காதலுக்கு ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அனுப்பிப் பாருங்கள், கல்யாணம் காட்சி இல்லாத நேரம், பாதி விலையில் இரண்டு பங்கு பூ கட்டிக்கொடுப்பார்கள், காரணமே இல்லாமல் வந்ததால் வாங்குகிறவருக்கும் அது மறக்காது.

ஆஸ்பத்திரிக்குப் பூ அனுப்பாதீர்கள். ஐசியு பக்கம் அனுமதிக்கவே மாட்டார்கள், பல இடங்களில் வார்டிலும் இல்லை, செக்யூரிட்டி மேசையில்தான் கிடக்கும். வீட்டுக்கு வந்த பிறகு அனுப்புவது நல்லது. அப்போதும் லில்லி வேண்டாம், மூடிய அறையில் அந்த வாசனை தலைவலி தரும், மகரந்தம் துணியில் பட்டால் மஞ்சள் கறை லேசில் போகாது. பூனை வளர்க்கிற வீடு என்றால் எந்தக் காரணத்துக்கும் லில்லி அனுப்பவே கூடாது, இலையையோ இதழையோ கடித்தாலே பூனையின் சிறுநீரகம் கெட்டு உயிர் போகும் அளவுக்கு விஷம் அது.

பணி ஓய்வு விஷயத்தில் என் பழக்கம் கொஞ்சம் வேறு. மே 31 அன்று அரசு அலுவலகங்களில் பார்த்திருப்பீர்கள், மாலை, சால்வை, பொக்கே, பிரியாணி, எல்லாவற்றையும் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு வீடு வரை கூட்டமாகப் போய் விட்டுவிட்டு வருவார்கள். அந்தக் குவியலில் நம் பூ எது என்று அவருக்கே தெரியாது. நான் ஒரு வாரம் பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போய்ச் சேருகிற மாதிரி அனுப்புவேன். எங்கள் பழைய மேலாளர் ஒருவருக்கு அப்படி அனுப்பியபோது, "ஏம்மா, ஆபீஸ்ல இன்னும் என் ஞாபகம் இருக்கா?" என்று போனில் கேட்டவர் அதற்கப்புறம் அரை மணி நேரம் விடவில்லை.

துக்க வீட்டுக்குப் பொக்கே கிடையாது. நேரில் போங்கள், தெரு முனை மாலைக் கடையில் ரோஜா மாலை ஒன்று வாங்கிக்கொண்டு. அலுவலகம் சார்பில் என்றால் மலர் வளையம், அதையும் இரண்டு பேராவது கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். டெலிவரி பையன் கையில் கொடுத்தனுப்புகிற விஷயமில்லை இது.

வெளியூருக்கு அனுப்பும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இணையத்தில் நீங்கள் ஆர்டர் செய்கிற இடத்திலிருந்து பூ போவதில்லை, ஆர்டர்தான் போகிறது, அந்த ஊர்க் கடை ஒன்று தன்னிடம் இருப்பதை வைத்துக் கட்டிக்கொடுக்கும். இது புதிதும் இல்லை, 1910-லேயே அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் கூடிச் சங்கம் வைத்து, தந்தி மூலம் ஒருவருக்கொருவர் ஆர்டர் மாற்றிக்கொண்டார்கள். தந்தி போய் ஆப் வந்துவிட்டது, மற்றபடி அதே ஏற்பாடுதான். அதனால் படத்தில் பார்த்த பொக்கேவும் போய்ச் சேர்ந்த பொக்கேவும் அக்கா தங்கை ஜாடையில்கூட இருப்பதில்லை என்று புலம்புகிறவர்களுக்கு என் யோசனை, மேப்பில் தேடி அந்த ஊர்க் கடையின் எண்ணைப் பிடித்து நேராகப் பேசுங்கள். பட்ஜெட் சொல்லுங்கள், கட்டி முடித்ததும் வாட்ஸப்பில் போட்டோ கேளுங்கள். நடுவில் போகிற கமிஷனும் பூவாகவே வந்துவிடும்.

அந்தப் பச்சைக் கட்டி வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். 1954-இல் ஸ்மிதர்ஸ் என்பவர் கண்டுபிடித்த ஃபோம் அது, தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்பது உண்மைதான், ஆனால் மக்காத பிளாஸ்டிக், தூள் தூளாக உதிர்ந்து மண்ணிலேயே கிடக்கும். லண்டன் செல்சீ மலர்க் கண்காட்சியிலேயே 2021 முதல் அதற்குத் தடை. நூலால் கட்டி, தாளில் சுற்றிக் கொடுங்கள் என்றால் எந்தக் கடையிலும் செய்வார்கள், விலையும் குறையும், வாங்குகிறவர் அப்படியே சொம்பில் இறக்கிவைக்கவும் வசதி. ஆமாம், ஜாடி இல்லாத வீட்டில் சொம்பு இருக்கும், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். காம்பைச் சாய்வாக ஒரு இஞ்ச் வெட்டிவிட்டு, தண்ணீருக்குள் முங்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு வைக்கச் சொல்லி, தினமும் தண்ணீர் மாற்றச் சொல்லி, கார்டிலேயே இரண்டு வரி எழுதிவிடுகிறேன். வாழ்த்து அப்புறம்தான் வரும்.

ஆர்டர் கொடுக்கும்போது தொடர்புக்கு யார் எண்ணைக் கொடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். வாங்கப்போகிறவர் எண்ணையே கொடுத்தால், "மேடம், பொக்கே வந்திருக்கு, அந்த மாவு மில் பக்கத்து சந்தா, அதுக்கடுத்ததா?" என்று டெலிவரி பையன் போன் போட்டு உங்கள் சர்ப்ரைஸை அங்கேயே முடித்துவைப்பான். வீட்டில் இன்னொருவர் எண் கொடுங்கள், ஆனால் மாமியார் எண் வேண்டாம், எவ்வளவு ஆச்சு என்று அவனிடமே கேட்டுவிடுவார்.