அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் கேமரா வரவில்லையா? முதலில் தேதியைப் பாருங்கள்

"அண்ணே, அப்டேட் போட்டதுல இருந்து கேமரா வரல." பெரம்பூர், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து சர்வீஸ் கடைகளுக்கு வழக்கமாக வரும் புகார் இது. மறுநாள் காலையில் ஆன்லைன் இன்டர்வியூ இருக்கும், இல்லை துபாயில் இருக்கும் மகனோடு ராத்திரி பேச வேண்டியிருக்கும். அந்த அவசரத்தில் யாராவது "விண்டோஸை மொத்தமா அடிச்சிடலாம்" என்றால் உடனே சரி என்றுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கேமரா நின்றதற்கு அப்டேட்தான் காரணமா, இல்லை அதே சமயத்தில் வேறு ஏதாவது கெட்டுப்போனதா என்று தெரியாமல் விண்டோஸை அழித்தால், ஃபைல்களும் போகும், கேமராவும் வராமலே இருக்கலாம்.

முதலில் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் கொடுத்து மறுபடி ஆன் செய்வது இதற்கு ஈடாகாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்போது, ஷட்டவுன் செய்தாலும் கெர்னலும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களும் (கேமரா போன்ற பாகங்களை இயக்கும் சின்ன மென்பொருள்கள்) இருந்த நிலையிலேயே டிஸ்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே திரும்ப ஏறும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும். அப்படியே திரைக்கு மேலே லென்ஸ் பக்கத்தில் சின்ன மூடி இருக்கிறதா, கீபோர்டில் கேமரா படம் போட்ட பட்டன் இருக்கிறதா, பக்கவாட்டில் கேமரா சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சில எச்பி மாடல்களில் அந்த சுவிட்ச் கேமராவின் இணைப்பையே துண்டித்துவிடும், விண்டோஸுக்குக் கேமரா இருப்பதே தெரியாது. லெனோவோவில் சாம்பல் நிறத் திரையில் குறுக்குக் கோடு போட்ட கேமரா படம் வந்தால், அது லெனோவோவின் வான்டேஜ் ஆப்பில் இருக்கும் பிரைவசி மோடின் வேலையாக இருக்கும். அதில் போய் ஆஃப் செய்தால் போதும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். 'கேமராஸ்' அல்லது 'இமேஜிங் டிவைசஸ்' என்ற தலைப்பைத் தேடுங்கள். கேமராவின் பெயர் அங்கே சுத்தமாக இருக்கிறதா, மஞ்சள் முக்கோணத்தோடு இருக்கிறதா, இல்லவே இல்லையா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

இல்லவே இல்லை என்றால், மேலே 'வியூ' மெனுவில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' கொடுங்கள். இப்போது கேமராவின் பெயர் மங்கலாகத் தெரிந்தால், விண்டோஸுக்கு அது பழைய நினைவாக மட்டும் இருக்கிறது, கம்பி வழியே இப்போது வரவில்லை என்று பொருள். உள்ளே பார்த்தால் 'கோட் 45' என்று இருக்கும். கேமரா ஆப்பில் இதுவே 0எக்ஸ்ஏ00எஃப்4244 என்ற எண்ணோடு வரும்.

பலர் தவறவிடும் இடம் இதற்கு அடுத்தது. அந்த மங்கலான பெயரை டபுள் கிளிக் செய்து 'டீட்டெயில்ஸ்' டேபுக்குப் போங்கள். 'ப்ராப்பர்ட்டி' பட்டியலை இறக்கி 'லாஸ்ட் ரிமூவல் டேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேமரா கடைசியாக எந்தத் தேதி, எந்த நேரத்தில் காணாமல் போனது என்று அங்கே இருக்கும். இப்போது செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதில் அப்டேட் ஹிஸ்டரி போய், அப்டேட் எந்தத் தேதியில் ஏறியது என்று பாருங்கள். கேமரா போனது அப்டேட்டுக்கு முன்னாலேயே என்றால், அப்டேட் மேல் பழி இல்லை. கேமராவைப் பல நாள் தொடாமல் இருந்துவிட்டு, அப்டேட் முடிந்த பிறகு முதல் முறையாகத் திறந்திருப்பீர்கள், அவ்வளவுதான். இந்த ஒரு நிமிட வேலை தேவையில்லாத ஃபார்மேட்டைத் தடுத்துவிடும்.

தேதி அப்டேட்டோடு ஒத்துப்போனால் இன்னும் இரண்டு இடம் பாருங்கள். சார்ஜரையும் வெளியில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றி, ஷட்டவுன் செய்து, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் கழற்றிவிடுங்கள். ரீஸ்டார்ட்டில் போர்டுக்குப் போகும் மின்சாரம் முழுதாக அறுவதில்லை. உறைந்துபோன கேமரா அப்படியே கிடக்கும், இதைச் செய்தால்தான் விழிக்கும். அடுத்தது பயாஸ், அதாவது விண்டோஸ் ஏறும் முன்பே ஓடும் லேப்டாப்பின் அடிப்படை மென்பொருள். விண்டோஸ் அப்டேட் வழியாகவே பயாஸ் அப்டேட்டும் வருவதுண்டு, அப்போது செட்டிங் மாறியிருக்கலாம். அதற்குள் போக, ஆன் செய்தவுடன் அழுத்த வேண்டிய கீ: டெல், ஏசுஸ் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஸ்கேப் பிறகு எஃப்10, லெனோவோ என்றால் எஃப்1 அல்லது எஃப்2. உள்ளே 'இன்டகிரேட்டட் கேமரா' எனேபிள் ஆகியிருக்கிறதா பாருங்கள். பயாஸில் எதையாவது மாற்றும் முன் பிட்லாக்கரின் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் பாதுகாப்பு) 48 இலக்க ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது கையில் இல்லையென்றால் கேமரா பிரச்சினை போய் டேட்டா பிரச்சினை வந்துவிடும்.

மஞ்சள் முக்கோணம் இருந்தால் அது பெரும்பாலும் டிரைவர் வேலை. ப்ராப்பர்டீஸில் 'டிரைவர்' டேபில் 'ரோல் பேக் டிரைவர்' அழுத்த முடிகிற நிலையில் இருந்தால் அதையே முதலில் கொடுங்கள், பழைய டிரைவர் திரும்பிவிடும். அது மங்கியிருந்தால் 'அப்டேட் டிரைவர்', 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்', 'லெட் மீ பிக்' என்று போய் 'யுஎஸ்பி வீடியோ டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப் கேமரா என்பது பெரும்பாலும் உள்ளேயே கம்பி போட்ட ஒரு யுஎஸ்பி கேமராதான். அதனால் மைக்ரோசாஃப்டின் பொது டிரைவரே நன்றாக ஓட்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய ஏசுஸ் மாடல்கள் சிலவற்றில் கேமராவைத் தலைகீழாகப் பொருத்தி, படத்தை டிரைவர் மூலம் நிமிர்த்தியிருப்பார்கள். பொது டிரைவர் ஏறியதும் முகம் தலைகீழாக வரும். கேமரா கெடவில்லை, கம்பெனி டிரைவரைத் திரும்பப் போட்டால் நிமிர்ந்துவிடும்.

டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதாக இருந்தால், அதற்கு முன் 'டீட்டெயில்ஸ்' டேபில் 'ஹார்ட்வேர் ஐடிஸ்' எடுத்து போனில் ஒரு படம் பிடித்து வையுங்கள். விஐடி என்பதற்குப் பின் வரும் நான்கு எழுத்துகள் கேமராவைச் செய்தது யார் என்று சொல்லும்: 04எஃப்2 என்றால் சிக்கோனி, 0பிடிஏ என்றால் ரியல்டெக், 13டி3 என்றால் ஐஎம்சி நெட்வொர்க்ஸ். ஒரே மாடல் லேப்டாப்பில் இரண்டு மூன்று கம்பெனி கேமரா வருவதால், மாடல் பெயரை மட்டும் வைத்து டிரைவர் இறக்கினால் தப்பானது ஏறும். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரம் வரும் சாஃப்ட்வேர் எதையும் தொட வேண்டாம், லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கம் போதும். 'எ டிரைவர் கேனாட் லோட் ஆன் திஸ் டிவைஸ்' என்று செய்தி வந்தால், அந்தப் பழைய டிரைவரை மெமரி இன்டெக்ரிட்டி என்ற விண்டோஸ் பாதுகாப்பு தடுக்கிறது. அந்தப் பாதுகாப்பை அணைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கு பார்க்கும் மெஷினில் அது சரியான யோசனை இல்லை. புதிய டிரைவரோ பொது டிரைவரோ போடுங்கள்.

பெயர் சுத்தமாக இருந்தும் படம் கறுப்பாக வந்தால், செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் கேமரா. மேலே இருக்கும் இரண்டு சுவிட்சை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். ஆப் பட்டியலுக்குக் கீழே கடைசியில் 'லெட் டெஸ்க்டாப் ஆப்ஸ் ஆக்சஸ் யுவர் கேமரா' என்று ஒன்று இருக்கும். ஜூமும் குரோமும் அதைப் பொறுத்தவை. கேமரா ஆப்பில் படம் வந்து ஜூமில் மட்டும் வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆன்டிவைரஸில் வெப்கேம் பாதுகாப்பு இருந்தால் அதையும் பாருங்கள்.

இனி கம்பி. கேமராவின் கம்பி பெரும்பாலும் டிஸ்பிளே கேபிளோடு சேர்ந்து கீல் வழியாகப் போகிறது. மூடித் திறந்து மூடித் திறந்து அங்கேதான் அறும். கேமரா ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு லேப்டாப்பின் மூடியை (திரைப் பக்கத்தை) மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். படம் வந்து வந்து போனால் கேபிள்தான். கேமராவோடு உள் மைக்கும் ஒன்றாகப் போயிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும், ஏனென்றால் பல மாடல்களில் மைக்கும் அதே பலகையில் உட்கார்ந்து அதே கேபிளில் வருகிறது.

காசிமேடு, ராயபுரம், எண்ணூர் என்று கடலை ஒட்டிய வீடுகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். உப்புக் காற்று கனெக்டர் பின்களில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு பூத்தாலே யுஎஸ்பி சிக்னல் தடுமாறும். பேட்டரி கனெக்டரை முதலில் கழற்றிவிட்டு, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலை மென்மையான பிரஷ்ஷில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்ட வேண்டும். திரையைச் சுற்றியுள்ள மெல்லிய சட்டத்தை (பெசல்) நகத்தால் நெம்பினால் திரையில் விரிசல் விழும். பழக்கம் இல்லாதவர்கள் கடையில் கொடுப்பதே நல்லது.

சென்னை ரிச்சி தெருவில் கேமரா போர்டு வாங்கப் போனால், மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் கழற்றிய போர்டையே கையில் எடுத்துப் போங்கள். ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர், கனெக்டரின் பின் எண்ணிக்கை, மைக் துளை இருக்கும் இடம், மூன்றும் பொருந்த வேண்டும். பின் வரிசை மாறிய போர்டை மாட்டினால் போர்டு மட்டுமல்ல, மதர்போர்டின் யுஎஸ்பி போர்ட்டும் போகலாம்.

2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்து மெஷின்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால், அவற்றில் விண்டோஸ் 11-ஐ வலுக்கட்டாயமாக ஏற்றித் தருகிறார்கள். அந்தக் காலத்து கேமராவுக்குக் கம்பெனி புதிய டிரைவர் தராது. பொது டிரைவரில் ஓடவில்லை என்றால் ஒரு யுஎஸ்பி வெப்கேம் வாங்கிச் செருகுவதே சிக்கனம். அப்போது டிவைஸ் மேனேஜரில் பழைய கேமராவை 'டிஸ்ஏபிள்' செய்துவிடுங்கள், ஜூம் தப்பான கேமராவைப் பிடிக்காது.

கேபிளோ போர்டோ மாற்றி வாங்கும்போது, கேமரா ஆப்பைத் திறந்து வைத்து, மூடியை முழுதாக விரித்தும் பாதி மடக்கியும் சில முறை பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நேராக நிறுத்தினால் மட்டும் படம் வந்தால், கேபிள் கீலில் சரியாக உட்காரவில்லை. கடையிலேயே மறுபடி திறந்து சரிசெய்யச் சொல்லுங்கள்.