ஆச்சியின் மூத்த மகள் பிறந்த வருடம்

இறுதி வருட ஆய்வுக்கு நான் எடுத்தது இலங்கையின் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோரமாகக் கிடக்கும் ஒரு சின்னக் குளம். ஒரு கட்டு, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட ஒரு துருசு, மிஞ்சிய தண்ணீர் வழிய ஒரு வான், கட்டோரத்தில் ஐயனார். அந்தக் குளம் எப்போது உடைப்பெடுத்தது, யார் திருத்தினார்கள், அதற்குப் பிறகு வயல் எப்படி மாறியது என்று எழுதவேண்டும். இரண்டு கிழமையில் தகவல் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். ஏழு மாதம் போனது.

முதல் மாதம் பிழையான கந்தோரில் போனது. குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம்தானே என்று நேரே அங்கே போய் நின்றேன். நாலாவது தரம் போனபோதுதான் ஓர் ஐயா, "எத்தினை ஏக்கர் பாயுது, பிள்ளை?" என்று கேட்டார். 80 ஹெக்டேருக்குள், அதாவது ஏறக்குறைய 200 ஏக்கருக்குள் பாயும் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. என் குளம் அதில் பாதிகூட வராது. இதை முதல் நாளே யாராவது கேட்டிருந்தால் பஸ் காசாவது மிஞ்சியிருக்கும்.

கமநல சேவை நிலையத்தில் ஆதரவாகத்தான் பேசினார்கள். ஆனால் அலுமாரியில் 2010க்கு முந்திய கடதாசி ஒன்றுகூட இல்லை. வன்னியில் இதற்கு விளக்கம் கேட்க முடியாது. போரில் காணி உறுதியையே விட்டுவிட்டு ஓடிய சனம் நாங்கள். கந்தோர்க் கோப்பை யார் தூக்கிக்கொண்டு போவது?

இதற்கிடையில் உடைப்பு நடந்தது 1964 என்று மூன்று இடங்களில் கிடைத்துவிட்டது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு குளத்தைத் திருத்திய திட்ட அறிக்கை ஒன்று, ஒரு தொண்டு நிறுவனத்தின் அறிக்கை இன்னொன்று, எனக்கு முன்னர் படித்த ஒருவரின் ஆய்வேடு மூன்றாவது. 1964 டிசம்பர் புயல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தனுஷ்கோடியை அழித்த அதே புயல் வன்னியையும் உலுப்பிவிட்டுத்தான் போனது. சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு போனேன். மேற்பார்வை செய்த மிஸ் வாசித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "மூண்டு பேர் சொல்லுகினமோ, இல்லாட்டி ஒராள் சொன்னதை மூண்டு பேர் எழுதிச்சினமோ?"

அதைக் கண்டுபிடிக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டேன். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம். விண்ணப்பத்துக்குக் காசு இல்லை, தமிழிலேயே எழுதலாம், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்கவேண்டும். நான் வாங்கவில்லை. முதல் விண்ணப்பம் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. "குளம் பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்பதும் வீண். இரண்டாம் தரம், திருத்த வேலைக்கான கள ஆய்வுப் படிவத்தின் பிரதி வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டேன். அது வந்தது.

படிவத்தில் "உடைப்பு ஏற்பட்ட ஆண்டு" என்ற கட்டத்தில் நீல மையால் 1964. பக்கத்தில், கமக்காரர் அமைப்பின் முன்னாள் தலைவர் சொன்னது என்று சின்னதாக ஒரு குறிப்பு. தொண்டு நிறுவனம் அந்தப் படிவத்தைப் பார்த்து எழுதியிருக்கிறது, ஆய்வேடு எழுதிய அண்ணன் தொண்டு நிறுவனத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஒரு வாய்தான்.

முன்னாள் தலைவரைப் போய்க் கண்டேன். மனிதர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் பிறந்ததே 1957இல். அவருக்கு நினைவு தெரிந்த முதல் பெரிய அழிவு அந்தப் புயல், அதனால் எல்லா உடைவும் அவருக்குப் புயலோடுதான் ஒட்டியிருக்கிறது.

இடையில் கொழும்புக்கும் ஒருக்கால் போனேன். ஜே.பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895இல் வெளியிட்ட தொகுப்பை வன்னியைப் பற்றி ஆராய்கிற எவரும் ஒருதரம் புரட்டாமல் இருக்கமுடியாது. எனக்குத்தான் அது அறுபது வருடம் முந்திவிட்டது. தேசிய சுவடிக்கூடத்தில் புயலுக்கு முந்திய வருடங்களின் பத்திரிகைக் கட்டுகளையும் பார்த்தேன். 1957 டிசம்பர் கடைசியில் வெள்ளச் செய்திதான். ஆனால் எங்கள் ஊர்க் குளத்தின் பெயரைக் கொழும்புப் பத்திரிகையில் தேடியது என் மடைமை.

கடைசியில் வழி காட்டியது ஊர்க் கடைக்காரர். "உந்தக் கதையெல்லாம் எங்கட ஆச்சியைக் கேள் பிள்ளை" என்று தாயிடம் கூட்டிப்போனார். ஆச்சிக்கு எண்பத்தைந்து இருக்கும். பாக்கு இடித்துக்கொண்டே சொன்னா: "புயலோ? இல்லை மோனை, அது வெள்ள வரியம். என்ர மூத்தவளை இடுப்பில வச்சுக்கொண்டெல்லே மண் சுமந்தனான்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூத்த மகள் பக்கத்து வளவில்தான் இருக்கிறா. அடையாள அட்டையைக் காட்டுவீங்களா அம்மா என்று கேட்டேன். பொலித்தீன் பைக்குள் மடித்து வைத்திருந்தா. எத்தனை இடம்பெயர்விலும் கைவிடாத ஒரே பொருள். பழைய அட்டை. முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம்: 57. அடுத்த மூன்று இலக்கம் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். கழித்துப் பார்த்தேன், பெப்ரவரி கடைசி. அப்படியென்றால் 1957 டிசம்பரில் பத்து மாதக் கைக்குழந்தை. புயலின்போது ஏழு வயது முடிந்த பள்ளிக்கூடப் பிள்ளை. பிறப்புப் பதிவு பிந்திய ஆட்கள் எங்கள் பக்கம் நிறைய, அதனால் வருடம் ஒன்று முன்பின்னாக இருக்கலாம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரும் மண் சுமக்கமாட்டார்கள்.

மிஸ் ஒத்துக்கொண்டார். ஆச்சியின் வாய்மொழி, நேர்கண்ட திகதி, மகளின் பிறந்த வருடம், 1957 வெள்ளம் பற்றிய பத்திரிகைச் செய்தி, நான்கையும் சேர்த்து அடிக்குறிப்பாகப் போட்டேன். 1964 என்ற கதை எங்கிருந்து தொடங்கியது என்பதற்கும் ஒரு பந்தி.

ஒப்படைக்க நாலு நாள் இருக்கையில் அந்த அத்தியாயத்தை ஆச்சிக்கு வாசித்துக் காட்டப் போனேன். மரியாதைக்குத்தான். "1957இல் குளம் உடைப்பெடுத்தது" என்று வாசித்ததும் பாக்குரலை வைத்துவிட்டா.

"உடைஞ்சதெண்டு ஆர் சொன்னது? தெற்குப் பக்கத்தை ஆம்பிளையள் வெட்டியெல்லே விட்டவை. விடாட்டி ஊரே போயிருக்கும். பிறகு வெட்டின இடத்தை அடைக்கத்தான் நாங்கள் மண் சுமந்தது."

எழுபது வருடத்துக்கு முன் கட்டை வெட்டியவர்களில் இருவரின் பிள்ளைகளைத் தேடிப் பிடித்தேன். அவர்களும் அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கிறார்கள். இரண்டு இரவு விழித்திருந்து உள்ளே எல்லா இடத்திலும் திருத்தினேன். ஆய்வேட்டின் அட்டை ஏற்கனவே அச்சாகிவிட்டது. தலைப்பில் "உடைப்பு" என்றே இருக்கிறது.