முதுகுக்குக் கீழே ஒரு மெத்தை

அம்பாசமுத்திரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். இன்சுலேஷன் என்றால் எனக்கு கரண்ட் கசியாமல் தடுக்கிற லெதராய்டு பேப்பர், ஸ்லீவ், வார்னிஷ். இருபது வருஷமாகப் புழங்குகிற வார்த்தை. அதை என் முதுகை வைத்து யோசிக்க வேண்டி வரும் என்று நினைத்ததில்லை.

தோப்புகளில் போர் மோட்டார் இறக்கும் வேலை பல நேரம் ராத்திரி வரை இழுக்கும். மும்முனை கரண்ட் எப்போது வருகிறதோ அப்போதுதான் ஓட்டிப் பார்க்க முடியும். பம்புசெட் தரையில் படுக்கலாம்தான்; தேளும் அங்கேதான் படுக்கும். அதனால் பைக் பெட்டியில் ஒரு ஹேமக், அதாவது கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கை, வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். பதினோரு அடி நைலான் துணி, இரண்டு பட்டை, ஒரு கொசுவலை. இரண்டு தென்னைக்கு நடுவே ஐந்து நிமிஷத்தில் கட்டிவிடலாம்.

முதல் தடவை கட்டியது கடையத்துக்கு மேற்கே, ராமநதி பக்கம் ஒரு தோப்பில். (பலகையில் இப்போது தென்காசி மாவட்டம். எங்களுக்கு என்றைக்கும் திருநெல்வேலிச் சீமைதான்.) தோப்புக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன வே, பேரப்பிள்ளைக்கா தொட்டில் கட்டுதீரு?” என்றார். சிரித்துக்கொண்டே ஏறிப் படுத்தேன். தை மாதம். போர்த்திக்கொள்ள வீட்டுக் கம்பளி. நெஞ்சு கதகதவென்று இருந்தது. இரண்டு மணிக்கு முழிப்பு வந்தபோது முதுகும் இடுப்பும் ஐஸ் கட்டிமேல் வைத்தது போல இருந்தன. கம்பளியை எடுத்துக் கீழே மடித்துப் போட்டேன். மேலேயும் குளிர், கீழேயும் குளிர். விடியும்போது கடையிலிருந்து கொண்டுபோன தெர்மாமீட்டரைப் பார்த்தால் 19 டிகிரி! வெறும் பத்தொன்பது. வீட்டுக் கட்டிலில் ஃபேன் போட்டுக்கொண்டு படுக்கிற கணக்கு அது.

தரையில் படுத்தால் தரை சூட்டை மெதுவாகத்தான் உறிஞ்சும். ஹேமக்கில் முதுகுக்குக் கீழே இருப்பது காற்று. நம் தோலின் சூடு ஏறக்குறைய 33 டிகிரி. மலையிலிருந்து இறங்குகிற காற்று அந்தச் சூட்டை நைலானுக்கு அடியிலிருந்து நிமிஷத்துக்கு நிமிஷம் அள்ளிக்கொண்டு போகும். ஹேமக்கில் படுத்துப் பழகியவர்கள், 21 டிகிரிக்குக் கீழே போனால் அடியில் ஏதாவது வேண்டும் என்பார்கள். நம் ஊர்க் காற்றுக்கு அந்தக் கணக்கு சரியாகவே இருக்கிறது.

சரி, கம்பளிதான் அடியில் இருந்ததே, ஏன் வேலை செய்யவில்லை? இதற்கு விடை சொன்னது எங்கள் ஆச்சி. “பஞ்சு மேல ஏறிப் படுத்தா பஞ்சு செத்துப்போவும்லா. வருஷா வருஷம் மெத்தையப் பிரிச்சுக் கொட்டுதது எதுக்கு?” அவ்வளவுதான் விஷயம். சூட்டைப் பிடித்து வைப்பது பஞ்சில்லை, பஞ்சுக்குள் அடைபட்டு நிற்கிற காற்று. எழுபது கிலோ உடம்பு மேலே அமுக்கினால் காற்று வெளியே போய்விடும், மிச்சம் வெறும் துணி. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்லீப்பிங் பேக்கானாலும் (உள்ளே நுழைந்து படுக்கிற மெத்தைப் பை) ஹேமக்குக்குள் முதுகுப் பக்கம் இதே கதிதான்.

அதற்குத்தான் அண்டர்குவில்ட். மெத்தையை ஹேமக்குக்குள் போடாமல் வெளியே, அடியில், தனியாகத் தொங்கவிடுவது. உடம்பின் பாரம் அதன்மேல் விழாது, பஞ்சு உப்பியபடியே இருக்கும். மேலே போர்த்துவது டாப்குவில்ட்: ஸ்லீப்பிங் பேக்கில் முதுகுப் பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, கால் நுழைக்க மட்டும் ஒரு பை விட்டது மாதிரி.

எல்லோரும் முதலில் மேலே போர்த்துவதை வாங்கிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். நானும்தான். மேலுக்கு வீட்டுப் போர்வை இரண்டு போதும். காசு போட வேண்டியது அடிக்கு.

அண்டர்குவில்ட் வாங்குவதற்கு முன் எல்லாக் கோமாளித்தனமும் செய்து பார்த்தேன். பத்தமடைப் பாய் விரித்தேன். வழுக்கி ஒரு பக்கமாக ஒதுங்கியது, கோரை மடிந்துபோனது, வீட்டில் திட்டு விழுந்தது. அப்புறம் யோகா செய்கிற ஃபோம் மேட். அது உண்மையில் பாதி வேலை செய்யும். அமுங்காத ஃபோம் என்பதால் நடுமுதுகு சூடாக இருக்கும். ஆனால் ஹேமக் இரண்டு பக்கமும் தோளைச் சுற்றி வளைத்துக்கொண்டு ஏறும், மேட் அந்த அகலத்துக்கு வராது. தோள் குளிரும், முதுகு வியர்க்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு இது போதும். செலவு சில நூறுதான்.

கடைசியில் நானே தைக்க வைத்தேன். கிளைமாஷீல்ட் அபெக்ஸ் என்று ஒரு செயற்கைப் பஞ்சு, ஷீட்டாகவே வரும். சதுர மீட்டருக்கு 85 கிராம் எடையுள்ளது ஏறக்குறைய 10 டிகிரி வரைக்கும், 122 கிராம் 4, 5 டிகிரி வரைக்கும், 167 கிராம் பூஜ்யம் வரைக்கும் என்பது தைப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. நான் எடுத்தது 85. கிழிசல் பரவாத ரிப்ஸ்டாப் நைலான் துணி இரண்டுக்கு நடுவே வைத்து ஓரம் மட்டும் தைத்தால் போதும். தெருமுனை டெய்லர் அண்ணாச்சி நான் சொன்னதைக் கேட்காமல் மெத்தைக்குப் போடுவது போல நடுவிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டிவிட்டார். ஓட்டிய இடமெல்லாம் பஞ்சு அமுங்கி, கோடு கோடாகக் குளிர். பிரித்துத் தைத்தோம்.

இதற்கு மேல்தான் உண்மையான பாடு. குவில்ட் எவ்வளவு நல்லதானாலும் தொங்கவிடுவது தப்பானால் தண்டம். எலாஸ்டிக் கயிறு தளர்ந்திருந்தால் ஹேமக்குக்கும் குவில்ட்டுக்கும் நடுவே இடைவெளி விழும், அங்கே காற்று புகுந்து ஓடும். இறுக்கிக் கட்டினால் பஞ்சு அமுங்கி, ஆச்சி சொன்ன கதை. நாலைந்து ராத்திரி இதிலேயே போனது. இப்போது நான் செய்வது: படுத்துக்கொண்டு, கூட இருப்பவரை அடியில் கைவிட்டுப் பார்க்கச் சொல்வேன். குவில்ட் ஹேமக்கின் அடியை லேசாகத் தொட்டுக்கொண்டு, கை வைத்தால் பஞ்சு உப்பலாகத் தெரிய வேண்டும். இரண்டு முனையையும் சுருக்குக் கயிற்றால் மூடிவிட வேண்டும். அதுவும் இழுத்துக் கட்டினால் நடுவில் குழி விழும். மூலைக்கு மூலை சாய்வாகப் படுக்கிறோம் என்பதால், படுத்த பிறகுதான் சரிபார்க்க வேண்டும், காலியாக இருக்கும்போது இல்லை. வீட்டு மாடியில் தூணுக்குத் தூண் கட்டி என் மனைவியைக் கைவிட்டுப் பார்க்கச் சொன்னபோது, “மோட்டார் சூடாயிருக்கா இல்லையான்னு பாக்குத மாதிரி இருக்கு” என்றாள். உண்மை.

பறவையின் மெல்லிறகா, செயற்கைப் பஞ்சா என்று ஒரு சண்டை எப்போதும் உண்டு. இறகு எடை குறைவு, அமுக்கி வைத்தால் ஒரு சொம்பு அளவுக்குச் சுருங்கும். 800 ஃபில் பவர் என்று போட்டிருந்தால், 28 கிராம் இறகு 800 கன அங்குலம், அதாவது சுமார் 13 லிட்டர் இடத்தை நிரப்பும் என்று அர்த்தம். ஏறக்குறைய ஒரு குடம். ஆனால் நனைந்தால் ஈரக்கோழி. ஆனி, ஆடியில் குற்றாலப் பக்கம் சாரல் அடிக்கும்போது மழை மேலிருந்து வராது, பக்கவாட்டில் பொடியாக வரும். தார்ப்பாய் கட்டினாலும் குவில்ட்டின் அடி ஈரமாகும். அந்த மாதங்களுக்குச் செயற்கைதான். நனைந்தாலும் முழுக்கக் கைவிடாது, கொடியில் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகைக்கும் அதேதான்.

இறகை நான் எடுப்பது தை மாதம் கொடைக்கானல் பக்கம் போகும்போது மட்டும். உயரம் ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே 19 என்றால் இரண்டாயிரம் மீட்டர் மேலே 6, 7 வரும்; காற்றும் பனியும் சேர்ந்தால் இன்னும் கீழே. போன தையில் பூம்பாறைப் பக்கம் தெரிந்தவர் தோட்டத்தில் இறகு இல்லாமல் 85 கிராம் அடிக்குவில்ட்டோடு போய் நடுங்கினேன். அட்டையில் போட்டிருக்கும் டிகிரி ‘சுகமாகத் தூங்கலாம்’ என்கிற டிகிரி இல்லை, பெரும்பாலும் ‘சமாளிக்கலாம்’ என்கிற டிகிரி. ஸ்லீப்பிங் பேக்குக்காவது சோதனைத் தரம் இருக்கிறது. குவில்ட்டுகளில் பெரும்பாலும் தயாரிப்பவர் சொல்வதுதான் கணக்கு. நான் அதோடு ஐந்து டிகிரி கூட்டிக்கொள்கிறேன். குளிர் தாங்காத ஆட்கள் இன்னும் அதிகம் கூட்டிக்கொள்ளலாம்.

சித்திரை, வைகாசிக்கு ஒன்றும் வேண்டாம், ஒரு பருத்தி வேட்டி போதும். ஒரே தொல்லை, அடியில் ஒன்றும் இல்லாவிட்டால் கொசு நைலான் வழியாகவே குத்தும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். களக்காடு முண்டந்துறை காட்டுக்குள் போய் இஷ்டத்துக்கு இதைக் கட்ட முடியாது, கூடாது. புலிகள் காப்பகம். அடிவாரத் தோப்பிலும் கரடி நடமாட்டம் உண்டு. பம்புசெட் லைட்டும் நாயும் இல்லாத இடத்தில் நான் படுப்பதில்லை.

போன வாரம் அதே கடையம் தோப்பு. மோட்டார் வேலை சாயங்காலமே முடிந்துவிட்டது. தோப்புக்காரர் சும்மா படுத்துப் பார்க்கிறேன் என்று ஏறியவர் காலை ஆறு மணி வரை இறங்கவில்லை. நான் கயிற்றுக்கட்டிலில் கிடந்தேன். எழுந்ததும் குவில்ட்டைப் பிசைந்து பார்த்துவிட்டு, “இதுக்கு எதுக்கு வே அமெரிக்காப் பஞ்சு? நம்ம இலவம்பஞ்சுக்கு என்ன கொற?” என்றார். யோசித்தால் சரிதான். இலவம்பஞ்சு உள்ளே கூடான நார், லேசு, தண்ணீரில் மிதக்கும், அந்தக் காலத்தில் லைஃப் ஜாக்கெட்டுக்கே அதைத்தான் அடைத்தார்கள். உதிரிப் பஞ்சு என்பதால் ஒரு மூலையில் போய்ச் சேராமல் இருக்கச் சின்னச் சின்ன அறையாகத் தைக்க வேண்டும். கூலியில் இருநூறு ரூபாய் குறைத்துக்கொண்டு ஒன்றரைக் கிலோ பஞ்சு கொடுத்து அனுப்பியிருக்கிறார். டெய்லர் அண்ணாச்சியிடம் மிச்சத் துணி கிடக்கிறது. இந்தத் தடவை குறுக்கும் நெடுக்குமாக ஓட்டச் சொன்னால் என்ன செய்வாரோ தெரியவில்லை.