எலிசபெத் காட்டனின் கட்டைவிரல்

அமெரிக்க நாட்டார் இசைக் கலைஞர் எலிசபெத் காட்டனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடையில் தொலைந்துபோன ஒரு சிறுமியிடமிருந்தே தொடங்குகிறார்கள். 1940-களின் பிற்பகுதியில் வாஷிங்டனின் லான்ஸ்பர்க் என்ற பெரிய கடையில் காட்டன் பொம்மை விற்றுக்கொண்டிருந்தார். கூட்டத்தில் தாயைத் தவறவிட்ட குழந்தை ஒன்றைத் தாயிடம் சேர்த்தார். குழந்தை, பின்னாளில் பாடகியான பெகி சீகர். தாய் இசையமைப்பாளர் ரூத் கிராஃபோர்ட் சீகர். அந்த அறிமுகத்தால் சீகர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ஒருநாள் அங்கே சுவரில் மாட்டியிருந்த கிட்டாரை எடுத்து வாசித்தார். நாட்டார் இசையிலேயே ஊறிய அந்தக் குடும்பம் வியந்துபோனது.

நடந்தது அதுதான். ஆனால் அதையே முதலில் வைத்துச் சொல்லும்போது, காட்டனின் இசை அந்த வீட்டார் அவருக்குக் கொடுத்த கொடைபோல் ஆகிவிடுகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை. அந்தக் கிட்டாரைத் தொடும் முன்பே, வேறெங்கும் இல்லாத ஒரு வாசிப்பு முறை அவர் கைகளில் இருந்தது. பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வட கரோலினாவின் கார்பரோவில் 1893-ல் பிறந்தவர் அவர். அண்ணன் வெளியே போனதும் அவருடைய பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தை ஒளித்து எடுத்து வாசிப்பார். இடக்கைப் பழக்கம் உள்ளவர். அண்ணனின் வாத்தியத்தில் கம்பிகளை மாற்றிக் கட்ட முடியாது. அதனால் அப்படியே கவிழ்த்துப் பிடித்தார். பள்ளியை விட்டு வீட்டு வேலைக்குப் போனார். மாதச் சம்பளம் ஒரு டாலரைத் தாண்டவில்லை. சேர்த்து வைத்த காசில் 3.75 டாலருக்கு ஸ்டெல்லா கிட்டார் ஒன்றை வாங்கினார். அதையும் கவிழ்த்தே பிடித்தார்.

விரல்களால் கிட்டார் மீட்டுகிறவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். வழக்கமாகக் கட்டைவிரல் தடித்த கம்பிகளில் அடிநாதத்தைத் தட்டிக்கொண்டே போகும். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டை எடுக்கும். காட்டனின் கையில் எல்லாம் தலைகீழ். சுட்டுவிரல் அடிநாதத்தைப் பார்த்துக்கொள்ள, கட்டைவிரல் பாடுகிறது. அதனால் மெட்டுக்கு ஒரு சதைப்பற்றுள்ள திரண்ட ஒலி கிடைக்கிறது. அடிநாதமோ கனமில்லாமல் துள்ளுகிறது. அவர் இயற்றிய ‘ஃபிரைட் டிரெயின்’ (சரக்கு ரயில்) பாட்டை வலக்கையால் வாசிக்கப் பழகுகிறவர்களில் நானும் ஒருவன். மூன்றாம் வரியில் ஈ (E) என்ற சுரக்கோவை (chord) வந்து எஃப் (F) கோவைக்குத் திறக்கும் இடம் வரும். சுரங்கள் அத்தனையும் சரியாக விழுந்தாலும், அவருடைய பதிவில் அந்த இடத்தில் கேட்கும் இளக்கம் என் கிட்டாரில் வருவதில்லை. அது சுரத்தில் இல்லை, எந்த விரல் எந்தக் கம்பியைத் தொடுகிறது என்பதில் இருக்கிறது. யாராவது நல்ல எண்ணத்தோடு அந்தச் சிறுமியின் கையைத் ‘திருத்தி’யிருந்தால் இந்த இசையே இருந்திருக்காது.

வீட்டருகே ஓடிய சரக்கு ரயிலைக் கேட்டுக்கேட்டு அந்தப் பாட்டை இயற்றியபோது அவர் பதின்வயதைத் தொட்டுக்கொண்டிருந்த சிறுமி. பிறகு திருமணம், மகள், ஓயாத வேலை. உலகியல் பாட்டுகள் வேண்டாம் என்று தேவாலயத்திலும் சொன்னார்கள். கிட்டாரை விட்டார். இடைவெளி பல பத்தாண்டுகளுக்கு நீண்டது.

அவர் மீண்டும் வாசிக்கத் தொடங்கிய பிறகு நடந்த ஒன்று இன்னும் எனக்குக் கோபமூட்டுகிறது. பெகி சீகர் அந்தப் பாட்டை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பாடினார். அங்கே இரண்டு பேர் அதைத் தங்கள் பெயரில் பதிவு செய்துகொண்டார்கள். 1957-ல் சாஸ் மெக்டெவிட் குழுவும் நான்சி விஸ்கியும் பாடிய இசைத்தட்டு பிரிட்டனில் முதல் ஐந்து இடங்களுக்குள் ஏறியது. பாட்டை உண்டாக்கியவரோ வாஷிங்டனில் அடுத்தவர் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். சீகர் குடும்பத்தார் அவருக்காகப் போராடிய பிறகே உரிமையில் அவர் பெயர் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக்கு நான் நன்றி சொல்வதாக இருந்தால், அவரைக் ‘கண்டுபிடித்ததற்காக’ அல்ல, இதற்காகவே சொல்வேன். பெகியின் அண்ணன் மைக் சீகர் ஒலிப்பதிவுக் கருவியோடு காட்டனின் வீட்டுக்கே போய், குழந்தைகள் நடமாடும் அறையில் அவரைப் பதிவு செய்தாரே, அதற்காகவும்.

அந்தப் பதிவுகள்தான் 1958-ல் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் வழியாக அவருடைய முதல் தொகுப்பாக வந்தன. அப்போது அவருக்கு வயது 65. 1964-ல் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் வாசித்தார். மேடைகள் கூடிய பிறகும் வீட்டு வேலையை உடனே விட்டுவிடவில்லை. 1967-ல் வந்த ‘ஷேக் ஷுகரி’ எனக்கு ‘ஃபிரைட் டிரெயின்’ அளவுக்கே நெருக்கம்: வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக அடகு வைத்துவிட்ட ஒருவரின் பாட்டு அது. வரிகளைக் கொள்ளுப்பேரக் குழந்தைகளோடு சேர்ந்து கட்டியிருக்கிறார். பாடுவதும் பன்னிரண்டு வயதுக் கொள்ளுப்பேத்திதான். கிட்டார் மட்டும் பாட்டியுடையது. இல்லாமையைப் பற்றி இவ்வளவு லேசான குரலில் பாடப்பட்ட வேறு பாட்டை நான் கேட்டதில்லை.

எழுபதுகளின் இறுதியில், இசையில் ஈட்டிய பணத்தில் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் வீடு வாங்கிக் குடியேறினார். 1985-ல் கிராமி விருது பெற்றபோது வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. 1987-ல் அங்கேயே மறைந்தார்.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் 1958 தொகுப்பில் தொடங்குங்கள். குரலில்லாத வாத்தியத் துண்டுகளை முதலில் கேளுங்கள். அவற்றில் கட்டைவிரலைப் பின்தொடர்வது எளிது. கிராமி பெற்ற நேரடி மேடைப் பதிவைப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டுகளுக்கு இடையே அவர் தன் கதையைத் தானே சொல்கிறார்.